எழுந்திருக்கத் தாமதமான சஜ்தா

பினாங்கில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கோபம். என் மனைவி, கடைக்கு வரும் பெண்கள், வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கோலாலம்பூரிலிருந்து போன் செய்யும் மகள், ஒருத்தர் பாக்கியில்லை. சொல்லில் பாதியை மென்று விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுகிறார்கள். நாங்களெல்லாம் அந்த வயதில் இப்படியா பேசினோம் என்று கடையில் அகப்படுகிறவரைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்பேன். அவர் ஏதோ பதில் சொல்வார். அதுவும் சரியாகக் காதில் விழாது. பார்த்தீர்களா, நீங்களும் அப்படித்தான் என்பேன்.

கோளாறு என் காதில் இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. எனக்குத்தான் தெருவில் போகிற லாரி கேட்கிறதே. பக்கத்துக் கடைக்காரர் தொண்டையைச் செருமுவது கேட்கிறதே. பிறகு எப்படி என் காதைக் குறை சொல்வது?

இப்போது என் இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு மெஷின் இருக்கிறது. அதைப் பொருத்திவிட்ட பெண்தான் எனக்குப் புரியும்படி சொன்னாள். வயதில் வரும் செவிட்டுத்தனம் கதவைச் சாத்துவதுபோல வருவதில்லையாம். மேல்ஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் போகும். பெண்கள், குழந்தைகள் குரல் தேயும். பேச்சில் ஸ, ச போன்ற மெல்லிய எழுத்துகள் உதிரும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் இன்னும் மோசம். அதனால் பழி பேசுகிறவர் மேல்தான் போகும் என்றாள். என் வீட்டுச் சமையலறையில் நின்று எங்கள் சண்டையைப் பார்த்தவள்போலச் சொன்னாள். நான் அவள் மேசை மேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜார்ஜ்டவுனில் இந்தியச் சாமான்கள் விற்கும் தெருவில் எனக்குப் பாத்திரக் கடை. எவர்சில்வர் குடம், பிரியாணிச் சட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, பூஜைக்கு ஆட்டும் கைமணி என்று எல்லாம் இருக்கும். முஸ்லிம் கடையில் பூஜை மணி எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. மணியை வாங்குகிறவர்கள் ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒரு தடவை புதிதாக வந்த மணிகளை ஆட்டினேன். பிசுபிசுத்துப் போன சத்தம். உலோகத்தில் கலப்படம் செய்துவிட்டான் என்று சரக்கு அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். அன்று மாலையே ஓர் அம்மா வந்து ஒரு மணியைக் கையில் எடுத்தார். "அது வேணாம்மா, அந்தத் தடவ வந்த சரக்கே நல்லா இல்ல, சத்தமே வராது" என்றேன். அவர் ஆட்டினார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுபடியும் ஆட்டினார். பிறகு அதையே கட்டித் தரச் சொன்னார். ருசி தெரியாத பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்காததைச் சமாளிக்கத் தலையாட்டல் ஒன்றைப் பழக்கிக்கொண்டேன். முகத்தில் ஒரு சிரிப்பு, கூடவே இரண்டு ஆட்டு. பெரும்பாலும் பலித்தது. ஒரு நாள் எங்களிடம் வழக்கமாக வாங்கும் பெண் கல்லாவுக்கு எதிரே நின்று நிறைய நேரம் ஏதோ சொன்னாள். நான் சிரித்து, தலையாட்டி, "ரொம்ப சந்தோஷம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்" என்றேன். அவள் முகம் சுருங்கியது. என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கணவர் இறந்து நாற்பது நாள் ஆகப் போகிறது. நாற்பதாம் நாளன்று சோறு ஆக்கச் சட்டி வாங்க வந்திருக்கிறாள். மனைவி ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவைத்தாள். அதன் பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்கள் கேட்பதை எனக்கு முன்பே வாங்கிப் பதில் சொன்னாள். நன்றி சொல்லியிருக்க வேண்டும் நான். வியாபாரத்தில் ஏன் மூக்கை நுழைக்கிறாய் என்று எரிந்து விழுந்தேன்.

இவ்வளவும் வீட்டோடும் கடையோடும் போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நான் பள்ளிவாசல் பக்கம் செய்துகொண்டதுதான் கேவலம்.

கடைக்குப் பின்சந்தில் ஒரு சூராவ் இருக்கிறது. கடைக்காரர்கள் மதியம் லுஹருக்கும் மாலை அஸருக்கும் ஓடிப்போய்த் தொழுதுவிட்டு வரும் சின்னத் தொழுகையிடம். பாங்கு சொல்ல மட்டும்தான் அங்கே மைக். தொழவைக்கும் ஹஜ்ரத்துக்கு மென்மையான குரல். தலைக்கு மேலே பழைய காற்றாடிகள் கடகடத்துக்கொண்டிருக்கும். ஹஜ்ரத் முன்னால் நின்று "அல்லாஹு அக்பர்" என்று சொல்வதைக் கேட்டுத்தான் பின்வரிசைக்காரர்கள் குனிய வேண்டும், நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்ய வேண்டும், எழ வேண்டும். நிற்கும்போது எனக்குத் தொந்தரவில்லை. முன்னால் இருப்பவர் குனிந்தால் நானும் குனிந்துவிடுவேன். சஜ்தாவில் பார்வை பாயோடு முடிந்துபோகும். அங்கே காதை விட்டால் துணையில்லை.

நான் சுவரோரம் நிற்கிறவன். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஒரே ஆள். அவர் எழுந்த அசைவு உறைத்து நான் தலையைத் தூக்குவதற்குள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் அடுத்த நிலைக்கு நின்றே இருப்பார்கள். முதல் தடவை அப்படி ஆனபோது உடம்பு கூசிப்போயிற்று. தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்த தலையோடு வெளியே வந்தேன். பின்னாலேயே ஒருவர் வந்து தோளைத் தொட்டார். இரண்டு கடை தள்ளி ஜவுளிக் கடை வைத்திருக்கும் தம்பி. என்னைவிடச் சில வயது இளையவர், பல வருஷச் சிநேகிதர். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க சஜ்தாவுல இருந்தத பாத்தேன்" என்றார். "மனசு ஒரு மாதிரியா ஆயிருச்சுண்ணே. நாங்கள்ளாம் கடைய நெனச்சுக்கிட்டே குனிஞ்சு எந்திரிக்கிறோம். நீங்க அல்லாஹ்கிட்ட போயிட்டு வர மனசில்லாம கெடக்குறீங்க."

எனக்குக் கேட்கவில்லை தம்பி என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். நான் கண்ணைத் தாழ்த்தி, "எல்லாம் அவன் தயவு" என்றேன்.

அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கு இனித்தது. அதன் பிறகு என் செவிட்டுத்தனத்துக்கு நல்ல போர்வை கிடைத்துவிட்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், மனதுக்குள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி திக்ரு செய்துகொண்டிருக்கிறார் என்றார்கள். தேநீர்க் கடை மேசையில் நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால், வீண்பேச்சில் கலந்துகொள்ள மாட்டார் என்றார்கள். அந்த இரைச்சலில் எனக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை என்பதுதான் நிஜம். ஊர் வம்பு தெரியாமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் ஹஜ்ரத் தொழுகை முடிந்ததும் திரும்பி உட்கார்ந்து, இமாம் எழுந்த பிறகும் கீழே கிடக்கக் கூடாது, கூடவே தொடர வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாயசத்தில் இன்னொரு அகப்பை கேட்கும் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதற்குப் பிறகு சஜ்தாவில் மனதுக்குள் எண்ணிப் பார்த்து எழ முயன்றேன். ஹஜ்ரத் எல்லா நாளும் ஒரே அளவாகவா இருப்பார்? ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால் நான் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு, குனிந்து கிடக்கும் முதுகுகளைப் பார்த்தேன். நல்லவேளை, யாரும் என்னைப் பார்க்கிற நிலையில் இல்லை. தாமதமாக எழுவதுதான் மரியாதை என்று பழையபடியே விட்டுவிட்டேன்.

ஜவுளிக் கடைத் தம்பிக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு இடம் பேசி, தேதிவரைக்கும் போய், தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக, கடலுக்கு அந்தக் கரையில் செபராங் ஜெயாவில் ஒரு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை தொழிற்சாலையில் இன்ஜினியர். ஒரு மாலை தம்பி என் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிக்காஹுக்கு ரெண்டு சாட்சி வேணும்ணே. ஒருத்தர் மாப்பிள்ள வீட்டு ஆளு. எங்க பக்கம் நீங்கதான் இருக்கணும். எனக்கு வேற ஆளே தோணல" என்றார்.

ஆண் குரல், கிட்டத்தில் பேசினார், எல்லாமே கேட்டது. கேட்டதுதான் வினை. நிக்காஹ் சாட்சி என்பது சும்மா கூட உட்காருகிற வேலை இல்லை. மாப்பிள்ளை தன் வாயால் ஏற்றுக்கொள்கிற சொல்லைச் சாட்சி இரண்டு பேரும் கேட்டு, "ஸஹ்", செல்லும் என்று சொல்ல வேண்டும். சாட்சிக்குக் கண்ணும் தெரிய வேண்டும், காதும் கேட்க வேண்டும் என்று சின்ன வயதில் மதரஸாவில் நான் ஓதியிருக்கிறேன். அது தெரியாதவன் மாதிரி, "இன்ஷா அல்லாஹ்" என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சாட்சியாங்க?"

"ஏன், ஒனக்கு என்ன?"

"மாப்பிள்ள சொல்றது ஒங்களுக்குக் கேக்கணும்ல."

"யாருக்குக் கேக்கல?"

அவள் அடுப்பை அணைத்தாள். என் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஒங்களுக்குத்தான். ரொம்ப நாளாச்சு. மகளுக்கும் தெரியும். சொன்னா கத்துவீங்கன்னு யாரும் சொல்றதில்ல."

அவள் சொன்னது பொய்யில்லை என்று காட்டுகிற மாதிரியே கத்தினேன். என்னைக் கிழவனாக்கி மூலையில் உட்காரவைக்கப் பார்க்கிறாள் என்றேன். அவள் குரல்தான் யாருக்கும் புரியாத குரல் என்றேன். இன்னும் என்னென்னவோ. எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில் அவள் சொன்னது ஒன்றுதான்.

"அவருகிட்ட போயி சொல்லிருங்க லா. அந்தப் புள்ள வாழ்க்கைல வெளையாடாதீங்க."

மறுநாள் சொல்லிவிடுவது என்றுதான் தம்பியின் கடைக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து, மேல் தட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து என் தோளில் போட்டுப் பார்த்தார். சாட்சிக்கு உட்காரும்போது போட்டுக்கொள்ள, மலாய்க்காரர் போடும் பாஜு மெலாயு உடுப்பு தைக்க நல்ல பச்சைத் துணி. "ஒங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்ணே" என்றார். அவர் மகளும் கடையில் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள். நான் தலையாட்டினேன். சொல்லப் போனவன் துணியோடு திரும்பி வந்தேன்.

தையற்காரரிடம் அளவு கொடுத்த கையோடு மனதுக்குள் ஓர் ஏற்பாடும் செய்துகொண்டேன். நிக்காஹில் மாப்பிள்ளை சொல்ல வேண்டிய வாசகம் எனக்கு மனப்பாடம். உதட்டைப் பார்த்தால் போதும். முதல் சாட்சி "ஸஹ்" என்றதும் நான் சொல்லிவிட்டால் முடிந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு நண்பரிடம் போய்க் காது கேட்காது என்று அழுவானேன்?

நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. பச்சை பாஜுவில் நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேரே அந்தப் பள்ளிவாசலின் இமாம், அவருக்கு முன்னால் ஸ்டாண்டில் மைக். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள். அங்கே மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் என் மனைவியும் இருந்தாள். இமாம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னதெல்லாம் மைக்கில் கணீரென்று கேட்டது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் முறை வந்தது. பையன் கூச்ச சுபாவம். தலையைக் குனிந்துகொண்டான். மைக் இமாம் பக்கம் திரும்பியிருந்தது. யாரோ ஒரு குழந்தை அழுதது. குனிந்த முகத்தில் உதடு எங்கே தெரிகிறது? கீழே எங்கேயோ ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான்.

"ஸஹ்" என்றார் மற்ற சாட்சி.

"ஸஹ்" என்றேன் நான். கொஞ்சமும் தடுமாறவில்லை.

இமாம் மணமக்களுக்காகப் பிரார்த்திக்க, துஆவுக்குக் கையேந்தினார். கூட்டம் முழுக்க ஆமீன், ஆமீன் என்று சொன்னது நெஞ்சில் அதிர்ந்தது. நானும் கையை ஏந்தியிருந்தேன். எதிரே ஜவுளிக் கடைத் தம்பி அழுதுகொண்டிருந்தார். ஏந்திய கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல், தாடி நனைய அழுதார். இரண்டு தடவை தட்டிப் போன பெண் அவருக்கு. எந்தச் சொல் காதில் விழுந்தது என்று நான் சாட்சி சொன்னேனோ, அந்தச் சொல் எனக்கு விழவே இல்லை. அல்லாஹ்வின் வீட்டில், அவன் பெயரைச் சொல்லிக் கூடிய சபையில், ஒரு பிள்ளையின் கல்யாணத்துக்குப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைக்கே ஆமீனும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது எனக்கு வந்த வெட்கத்தில் அந்தப் பச்சைச் சட்டைகூட உடம்பில் உறுத்தியது.

துஆ முடிந்தது. கையெழுத்துப் போட இமாம் பேனாவை நீட்டினார். வாங்க முடியவில்லை. அவர் பக்கம் சாய்ந்து, அவர் காதோடு சொன்னேன்.

"ஹஜ்ரத், எனக்குக் காது கேக்காது. மாப்பிள்ள சொன்னது ஒண்ணுமே எனக்கு விழல."

இரகசியமாகத்தான் சொன்னேன். என் குரலின் அளவு எனக்கே தெரிவதில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். போதாதற்கு அவர் பக்கம் சாய்ந்ததில் என் வாய் மைக்குக்கு நேரே போயிருக்கிறது. வாழ்த்தி முபாரக் சொல்லக் கை நீட்டியவர்கள் நீட்டியபடியே நின்றார்கள். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். தடுப்புக்கு மேலே பெண்களின் தலைகள் தெரிந்தன. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடியும் தன் மகளுக்கு ஏதோ ஆகப் போகிறது என்று பயந்த முகம் அது. அதை உண்டாக்கியவன் நான்.

இமாம் நிதானமானவர். என் பக்கம் திரும்பாமல் சபையைப் பார்த்துச் சொன்னார்.

"இங்க பக்கத்துல உக்காந்திருந்தவங்க எல்லாருக்கும் கேட்டுருக்கு. நிக்காஹுக்கு இதனால பழுதில்ல. ஆனா ஒருத்தர் மனசுலயும் சந்தேகம் வேணாம். இன்னொரு தடவ சொல்லிக்குவோம்."

எனக்குப் பதில் சாட்சியாக உட்காரப் பெண்ணின் தாய்மாமனைக் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க" என்றார். அதை மட்டும் குரலை உயர்த்திச் சொன்னார். நன்றாகக் கேட்டது.

தள்ளி உட்கார்ந்தேன். இமாம் மைக்கைத் திருப்பி வைத்தார். மாப்பிள்ளை இந்தத் தடவை தலையை நிமிர்த்தி, ராணுவத்தில் பேர் கொடுப்பவன்போலச் சொன்னான். கடலைத் தாண்டி அவன் வீடுவரைக்கும் கேட்டிருக்கும். சிலர் சிரித்தார்கள். அவனும் வெட்கப்பட்டுச் சிரித்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், மாப்பிள்ளை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி. என் ஒருவனுக்காக ஒரு பையன் தன் கல்யாணத்தில் கத்த வேண்டியதாயிற்று.

சாப்பாட்டுக்கு இருக்காமல் நழுவிவிடத்தான் நினைத்தேன். விடவில்லை. ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தவனுக்கு நடந்தது வேறு. வயதான ஒருவர் என் காதுக்குக் கிட்டே வந்து, இப்போதுதான் எல்லாருக்கும் தெரியுமே, உரக்கச் சொன்னார்.

"இத்தன பேருக்கு முன்னாடி தன் கொறைய ஒத்துக்கிட்டு உண்மையச் சொல்ல ஒங்களாலதான் முடியும். சஜ்தாவுல அவ்வளவு நேரம் கெடக்குற மனுஷன் பொய்ச்சாட்சி சொல்வாரா?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் முதலில் "ஸஹ்" என்று சொன்னதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. செவிடன் என்று அம்பலப்பட்டுவிட்டேன், ஆனால் பக்திமான் என்ற பெயருக்கு ஒரு கீறல் விழவில்லை. முன்பைவிட இப்போது இன்னும் உயரத்தில் ஏறியிருந்தது. பேசாமல் இருந்தால் போதும், சாகிறவரைக்கும் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். பிரியாணித் தட்டு கைக்கு வந்தது. ஒரு பிடி வாயில் வைத்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜவுளிக் கடைத் தம்பி கூட்டம் குறைந்ததும் வந்தார். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து என் காதுக்கு நேரே வாயை வைத்தார்.

"ஏண்ணே முன்னாடியே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு தம்பி."

"காது கேக்காததுக்கு யாராவது வெக்கப்படுவாங்களா?" என்றார். என் தொடையில் தட்டினார். "நல்லபடியா முடிஞ்சிருச்சு. அத நெனச்சுக்கிட்டு சாப்பிடாம இருக்காதீங்க."

மன்னித்துவிட்டார். அவர் குணம் அப்படி. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையே இல்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

அவர் சட்டென்று கையைத் தாழ்த்திக் காட்டினார். மறுபடியும் சத்தமாகப் பேசிவிட்டேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்த்திக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால்தான் அவருக்கு எட்டுகிறதா என்று தெரியும். அதனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

"சூராவ்ல நான் சஜ்தாவுலயே கெடப்பேன்ல. அது பக்தி இல்ல தம்பி. ஹஜ்ரத் எந்திரிச்சது எனக்குத் தெரியாது. பக்கத்துல ஆள் அசையுற வரைக்கும் கெடப்பேன். நீங்க பாத்துட்டு வந்து சொன்னீங்கள்ல, அன்னிக்கே சொல்லிருக்கணும். சொல்லல. எல்லாரும் நல்லவன்னு சொன்னது புடிச்சிருந்துச்சு. அதனால அப்புடியே விட்டுட்டேன்."

அவர் பாயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கோரையைக் கிள்ளினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். பெண்கள் பக்கம் அவர் மகள் யாருடனோ நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் என் காதருகே வந்தார். உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார்.

"இவளுக்கு ரெண்டாவது எடமும் தட்டிப் போனப்ப எனக்குத் தொழவே மனசு வரலண்ணே. அப்பத்தான் நீங்க கெடந்தத பாத்தேன். அன்னியிலருந்து வீட்டுல தனியாத் தொழுறப்ப நானும் சஜ்தாவுல கூடக் கொஞ்ச நேரம் கெடந்தேன். இவளுக்காக அழுது துஆ செஞ்சதெல்லாம் அங்கதான். நீங்க அவ்வளவு நேரம் என்ன துஆ செய்வீங்கன்னு பல நாள் நெனச்சுப் பாத்திருக்கேன்."

நான் அங்கே ஒரு துஆவும் செய்ததில்லை. மற்றவர்கள் எழுந்துவிட்டார்களா என்று கவனித்துக்கொண்டு கிடந்தேன், அவ்வளவுதான்.